பட்ட மரத்தை விட்டு வையுங்கள்

போன மாதம் டாப்சிலிப் போயிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். ஆனைமலைக் காட்டுக்குள்ளே 'டொக் டொக்' என்று சத்தம். யாரோ கோடாலியால் மரம் வெட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். கூட வந்த மலசர் இளைஞர் சிரித்துக்கொண்டே மேலே கை காட்டினார். "மரங்கொத்தி சார்!"

நம் தோட்டத்துத் தென்னையில் ஏறும் பொன்முதுகு மரங்கொத்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இது வேறு. காக்கையைவிடப் பெரியது, ஒன்றரை அடி நீளம் இருக்கும். உடம்பு கரிக்கறுப்பு, வயிறு வெள்ளை. ஆணுக்கு நெற்றியிலிருந்தே சிவப்புக் கொண்டை, கன்னத்திலும் ஒரு சிவப்புக் கோடு. பெண்ணுக்குப் பின்தலையில் மட்டும் சிவப்பு. கரிய உடம்பும் வெள்ளை வயிறுமாக இவ்வளவு பெரிய மரங்கொத்தி நம் பக்கத்தில் வேறு கிடையாது. ஒரு முறை பார்த்தால் மறக்காது.

ஆனால் பறவையைவிட அது உட்கார்ந்திருந்த மரம்தான் என்னை யோசிக்க வைத்தது. இலை ஒன்றுகூட இல்லாத பட்ட மரம். காடு என்றால் பச்சை என்றே நாம் நினைக்கிறோம். இந்தப் பறவைக்கோ வயதான பெரிய மரங்களும், அவற்றிடையே பட்டு நிற்கும் மரங்களும் வேண்டும். அதற்கு இரையான எறும்பும் புழுவும் அங்கேதான். முட்டையிடப் பொந்து குடைவதும் அங்கேதான். அது விட்டுப் போன பொந்தில், தானாகக் குடையத் தெரியாத கிளி, மைனா, ஆந்தை, பறக்கும் அணில் எல்லாம் குடியேறும். ஒரு பட்ட மரம் போனால் ஒரு தெருவே போன மாதிரி.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. சில வருடங்களுக்கு முன் எங்கள் கொல்லையில் வேப்பமரம் ஒன்று பட்டுப்போனது. "பட்ட மரம் வீட்டுக்கு ஆகாது" என்று உறவினர் சொன்னார். விறகுக்காரரிடம் 1,500 ரூபாய்க்குக் கொடுத்தேன். மறுநாள் காலை பொன்முதுகு மரங்கொத்தி ஜோடி வந்து, மரம் நின்ற இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. மூன்று நாள் வந்தது. பிறகு வரவில்லை.

வீட்டின் மேலோ, ரோட்டிலோ விழும் என்றால் வெட்டத்தான் வேண்டும். அப்போதுகூடக் கிளைகளைக் கழித்துவிட்டு அடிமரத்தையாவது நிறுத்தி வைக்கலாம். தோட்டத்து மூலையில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்கிற மரத்தை ஏன் வெட்ட வேண்டும்? அதற்கு உயிர் போய்விட்டது என்று நாம்தான் நினைக்கிறோம்.