நாரும் கமாவும்

எதிர்வீட்டு அத்தை சாயங்காலமானால் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து பூ கட்டுவார். முறத்தில் மல்லி ஒரு குவியல், கனகாம்பரம் ஒரு குவியல். பேச்சு ஒரு பக்கம் ஓட, விரல் தன்பாட்டுக்கு நாரை முடிந்துகொண்டே போகும். கணினித் தமிழில் எழுத்துகளின் கோவையான ஸ்ட்ரிங்குக்குச் சரம் என்று பெயர் வைத்தவர், அவர் யாரானாலும், பூ கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கும் சரம் கட்டுவதுதான் பிழைப்பு. இடையஞ்சாவடியில் வீட்டில் இருந்தபடியே நாற்பது சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் நுழைந்து தட்டிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதற்குத்தான் பப்பெட் என்ற மென்பொருள். 2005இல் லூக் கனீஸ் தொடங்கியது. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று அதற்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தால் போதும். அரை மணிக்கொரு தரம் பார்த்து, மாறியிருந்தால் சரிசெய்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் திணறும் இடம் ஒன்று உண்டு. பத்துப் பெயர் கொண்ட பட்டியலை ஒரே வரியாக்க வேண்டும். வேறு மொழியில் காலிச் சரத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக ஒட்டிக்கொண்டே போகலாம். பப்பெட்டில் ஒரு மாறிக்குக் கொடுத்த மதிப்பு கொடுத்ததுதான். ஒட்ட இடமே இல்லை. சரி, பட்டியலை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டால்? சதுர அடைப்புக்குறி, கமா எல்லாவற்றோடும் கோப்பில் போய் உட்காரும். முறத்தோடு தலையில் பூ வைத்தது மாதிரி.

இதற்கு மேப், ஜாயின் என்று இரண்டு கருவிகள். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இவை புதிதில்லை. ‘அண்ணனும் தம்பியும் அக்காவும்’ என்னும்போது ஒவ்வொரு பெயரிலும் ‘உம்’ ஏறுகிறது, அது மேப். ‘அண்ணன், தம்பி, அக்கா’ என்றால் மூன்று பேருக்கு இரண்டே கமா, இடையில் மட்டும், அது ஜாயின். கடைசிப் பூவுக்குப் பின்னால் நார் தொங்காது. மேப் 2015இல் நான்காம் பதிப்போடு வந்தது. ஜாயினுக்குத் தனித் தொகுப்பு ஒன்றை இறக்க வேண்டியிருந்தது, 2018இல் 5.5 பதிப்பில்தான் மொழிக்குள்ளேயே சேர்த்தார்கள். இவ்வளவு அடிப்படையான ஒன்றுக்குப் பதின்மூன்று வருஷம் ஆனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எதை வைத்துக் கோப்பது என்பதில்தான் நான் மாட்டினேன். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் அமைப்புக் கோப்பில், குறியாக்க முறைகளைப் பட்டியலிடும் சைபர்ஸ் என்ற வரிக்குக் கமா வேண்டும். அதே கோப்பில் யார் யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் அலவ்யூசர்ஸ் வரிக்கு வெறும் இடைவெளி. சேர சோழ பாண்டியர் மாதிரி, உம்மைத்தொகை. போன மாதம் ஓர் இரவு தூக்கக் கலக்கத்தில் இரண்டுக்கும் கமாவே போட்டுவிட்டேன். நான்கு பேர் பெயரும் ஒட்டிக்கொண்டு, அப்படி ஒரு நெட்டைப் பெயர்க்காரருக்கு மட்டும் அனுமதி என்றாகிவிட்டது. கோப்பைச் சோதிக்கும் கட்டளையும் பிழையில்லை என்றே சொன்னது. எழுத்து முறைப்படி பிழை இல்லைதானே! அரை மணி நேரத்தில் நாற்பது சர்வரும் கதவைச் சாத்திக்கொண்டன. பப்பெட்டின் தலைமை சர்வரும் அந்த நாற்பதில் ஒன்று. கன்சோல் வழியாக உள்ளே போய்த் திருத்துவதற்குள் கோழி கூவிவிட்டது.

வரிசையும் முக்கியம். மரக்காணத்து உப்பளத்தில் எந்தப் பக்கம் அள்ளினாலும் உப்பு உப்புதான். சரத்தில் இரண்டு பெயர் இடம் மாறினால் அது வேறு சரம். சர்வர்களின் பட்டியலைத் தரவுத்தளத்தில் கேட்டு வாங்கினால் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் வரும் என்று உறுதி கிடையாது. கோப்பு மாறிவிட்டது என்று பப்பெட் நினைத்து எழுதும். அதை நம்பியிருக்கும் சேவையை நிறுத்தித் திரும்பக் கிளப்பும். காரணமே தெரியாமல் அரை மணிக்கொரு தரம் சர்வர் விக்கும். கோப்பதற்கு முன்னால், வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ என்று ஒரு சொல் போட்டால் தீர்ந்தது.

அலவ்யூசர்ஸ் வரியில் கை வைக்கும் நண்பர்களே, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு ஒன்றை மட்டும் மூடாமல் வையுங்கள். அன்று நான் அதையும் மூடிவிட்டுத்தான் படுக்கப் போனேன்.