மவுஸைத் தொடும் முன் மஞ்சப்பையைத் தேடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் என்ன நடக்கும்? இன்டர்நெட் இணைப்பு வந்ததும் இமெயில், பாட்டு, ரயில் டிக்கெட் என்று தொடங்குவோம். அடுத்தது மளிகை. உட்கார்ந்த இடத்தில் நாலு கிளிக். பொருள் வாசலுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது.

மேற்குத் தாம்பரத்தில் எங்களுக்குச் சண்முகம் சாலை மார்க்கெட் நடந்து போகும் தூரம்தான். இருந்தும் ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மாதக் கடைசியில் பால்கனி நிறைய அட்டைப் பெட்டிகள், பிளாஸ்டிக் உறைகள். கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட தனிக் கவர்! கவர் போகட்டும், அந்தக் கொத்தமல்லியே ஃபிரிட்ஜின் அடித்தட்டில் அழுகிக் கிடந்தது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று திரையில் பார்த்து வாங்கியது.

தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பை, தட்டு, கப், உறிஞ்சு குழல் போன்றவற்றைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் கடைக்கு நடந்து போகிறவர் கையில்தான் பை இருக்கும். மவுஸ் பிடித்த கையில் பை எப்படி இருக்கும்?

இந்தக் குப்பையெல்லாம் எங்கே போகிறது என்று தென்சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெருங்குடி குப்பைக் கிடங்கு வளர்ந்தது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேல்தான். 2022 ஏப்ரல் கடைசியில் அங்கே பிடித்த தீ சில நாட்கள் புகைந்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. ஒருபக்கம் உலக அங்கீகாரம், மறுபக்கம் புகை! குப்பை மேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும் காய்கறியும் சோறும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அது எளிதில் தீப்பிடிக்கும். பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடை விடப் பல மடங்கு மோசமானது. ஆகவே பிளாஸ்டிக் பையை மட்டும் திட்டிப் பயனில்லை. வீணாகும் உணவும் அதே அளவு குற்றவாளிதான்.

அப்படியானால் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிடுவதா? வேண்டாம். அதைக் கடையாகப் பயன்படுத்துவதற்குப் பதில் கணக்குப் பிள்ளையாகப் பயன்படுத்துங்கள் என்பதே என் கருத்து. எக்செல் இருந்தால் அது போதும். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸில் உள்ள கால்க் தொகுப்பைத் திறந்துகொள்ளுங்கள். நான்கு காலம் (பத்தி) போடுங்கள்: பொருள், வாங்கிய அளவு, விலை, வீணானதன் மதிப்பு. வாரம் ஒருமுறை நிரப்பி, கடைசிக் காலத்தை மட்டும் கூட்டுங்கள். கூட்டுவதற்கு ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் போதும்.

எங்கள் பட்டியலில் கீரை, கொத்தமல்லி, பிரெட் மூன்றும்தான் மீண்டும் மீண்டும் வந்தன. இப்போது கீரையைச் சமைக்கும் அன்று காலையில்தான் வாங்குகிறோம். பிரெட் சின்ன பாக்கெட். கிளம்பும் முன் ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டு, தேவையானதை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்கிறோம். மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய் கேட்டால் கால் கிலோதான் தருவார்கள்; அரைக் கிலோ பாக்கெட்டைத் தலையில் கட்டமாட்டார்கள்.

வயதானவர்களும், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டினரும் ஆன்லைனில் வாங்குவதைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு ஒரு வார்த்தை: தோன்றும்போதெல்லாம் கிளிக் செய்யாமல், தேவையானதைச் சேர்த்து வைத்து வாரம் ஒருமுறை ஆர்டர் செய்யுங்கள். 'இன்னும் ஐம்பது ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்' என்று திரை சொன்னால், அந்த ஐம்பது ரூபாய்ப் பொருள் உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள்.

கம்ப்யூட்டர் நீங்கள் சொன்னதைச் செய்யும். வாங்கு என்றால் வாங்கும். கணக்குப் பார் என்றால் பார்க்கும். இந்த மாதம் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பையையும் மாட்டி வையுங்கள்.