ஆற்றைத் தாண்டிய தொகுதி

ஜெர்மனியின் தலைநகரம் பெர்லின். அந்த நகரில் ஓடும் ஆற்றுக்கு ஸ்பிரே என்று பெயர். அதன் குறுக்கே 1896-ம் ஆண்டில் கட்டப்பட்ட ஓபர்பாம் பாலம் இருக்கிறது. இரட்டைக் கோபுரம் உள்ள அழகான பாலம். ஒரு கரையில் கிராய்ஸ்பெர்க். மறு கரையில் பிரீட்ரிக்ஸ்ஹைன்.

1961-ல் பெர்லின் சுவர் எழுந்தது. கிராய்ஸ்பெர்க் மேற்கு பெர்லினில் இருந்தது. பிரீட்ரிக்ஸ்ஹைன் கிழக்கில். இந்த இடத்தில் ஆற்றுத் தண்ணீர் முழுவதும் கிழக்குக்கே சொந்தம்!

கிராய்ஸ்பெர்க் கரையில் விளையாடிய குழந்தைகள் தவறி ஆற்றில் விழுந்தார்கள். மேற்கே நின்றவர்கள் குதித்துத் தூக்கப் பயந்தார்கள். குதித்தால் கிழக்குக் காவலர்கள் சுடலாம். 1966 முதல் 1975 வரை 5 குழந்தைகள் இப்படி இறந்தார்கள். காப்பாற்றப் போவதற்கு வழிசெய்யும் ஒப்பந்தம் 1975 அக்டோபரில்தான் ஏற்பட்டது.

இருகரைக்கு ஒரே மெம்பர்

1989-ல் சுவர் விழுந்தது. மறு ஆண்டு ஜெர்மனி ஒன்றாயிற்று. ஆனாலும் பார்லிமெண்டுத் தேர்தலில் இரு கரைகளும் வெவ்வேறு தொகுதிகளாகவே நீடித்தன.

2002-ல் நாடு முழுவதும் தொகுதிகளை 328-லிருந்து 299 ஆகக் குறைத்தார்கள். பெர்லினுக்கு இருந்த 13 தொகுதிகள் 12 ஆயின. அப்போது கிராய்ஸ்பெர்க்கையும் பிரீட்ரிக்ஸ்ஹைனையும் சேர்த்து, பக்கத்திலுள்ள பிரென்ஸ்லாவர் பெர்க்கின் கிழக்குப் பகுதியையும் கூட்டி, ஒரே தொகுதி ஆக்கினார்கள். குழந்தைகளைப் பலிகொண்ட எல்லை தொகுதிக்கு நடுவே மறைந்துபோனது. இது சரியான காரியம்.

முதல் தேர்தலிலேயே அதிசயம். பசுமைக் கட்சியைச் சேர்ந்த ஸ்ட்ரோபலே வென்றார். கட்சிப் பட்டியலில் நல்ல இடம் கிடைக்காதவர் அவர்! சைக்கிளில் சுற்றி ஓட்டுக் கேட்டார். அந்தக் கட்சி நேரடியாக ஜெயித்த முதல் பார்லிமெண்டுத் தொகுதி இதுதான்.

யாருக்கு நஷ்டம்?

நஷ்டப்பட்டவர்களும் உண்டு. ஜெர்மனியில் 100-க்கு 5 ஓட்டு வாங்காத கட்சிக்குப் பட்டியல் மூலம் இடம் இல்லை. 3 தொகுதிகளில் நேரடியாக ஜெயித்தால் விலக்கு உண்டு. கிழக்கில் செல்வாக்குள்ள பி.டி.எஸ். கட்சி 1994-ல் 4.4 சதவீத ஓட்டுதான் வாங்கியது. ஆனால் பெர்லினில் 4 தொகுதிகளைப் பிடித்ததால் 30 பேரை அனுப்பியது. அந்த நான்கில் ஒன்றில்தான் பிரீட்ரிக்ஸ்ஹைன் இருந்தது. 2002-ல் கோடு மாறியது. அந்தக் கட்சிக்கு 4 சதவீத ஓட்டு கிடைத்தது. இரண்டே தொகுதிகள். பார்லிமெண்டுக்குப் போனது 2 பேர்!

30 எங்கே, 2 எங்கே?

கோடு போட ஜனாதிபதி நியமிக்கும் கமிஷன் இருக்கிறது. ஜனத்தொகை சராசரியைவிட 25 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ தொகுதியை மாற்றியாக வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. ஆனால் கமிஷன் யோசனைதான் சொல்லும். முடிவு செய்வது பார்லிமெண்டு. தேர்தலில் நிற்கப் போகிறவர்களே தங்கள் தொகுதிக்கு எல்லை வகுக்கலாமா? கமிஷன் முடிவே கடைசி முடிவு என்று வைத்திருந்தால், 2002-ல் தோற்றவர்களும் முணுமுணுக்க இடம் இருந்திராது.

பி.டி.எஸ். பிறகு வேறொரு கட்சியோடு சேர்ந்து இடதுசாரிக் கட்சி ஆயிற்று. 2025 தேர்தலில் பசுமைக் கட்சியிடமிருந்து இந்தத் தொகுதியைப் பறித்தது அந்த இடதுசாரிக் கட்சிதான்.