மாடு வளர்க்கவும் ஒரு படிப்பு

“படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்!” இந்த ஏச்சைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்? நோர்வேக்கு வந்த பிறகும் எங்கள் பிள்ளைகளுக்கு இதையேதான் சொல்கிறோம். ஆனால் இந்த நாட்டில் மாடு வளர்க்கவென்றே மூன்று வருடப் படிப்பு இருக்கிறது.

எமக்குத் தெரிந்த குடும்பமொன்றில், 10ஆம் வகுப்பில் படிக்கும் மகன் வேளாண்மைப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னான். தாய் அழுதுவிட்டார். தகப்பன் இரண்டு நாட்கள் அவனோடு பேசவில்லை. “கடன்பட்டு இவ்வளவு தூரம் வந்தது இதற்கா?” என்று எங்களிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இம்முறை இங்கு எழுதுகிறோம்.

நோர்வேயின் வேளாண்மைப் பாடசாலைகள் பலவற்றுக்குச் சொந்தமாகப் பண்ணையும் மாட்டுக்கொட்டிலும் உண்டு. ஸ்தைன்ஷார் பகுதியிலுள்ள மேரே பாடசாலை 1895இல் தொடங்கப்பட்டது. இத்தகைய பாடசாலைகளில் வகுப்பில் படித்ததைப் பிள்ளைகள் கொட்டிலில் செய்து பழகுகிறார்கள். கறக்குமுன் மடியைத் துடைத்து, முதற் பீச்சுப் பாலைப் பார்க்கவேண்டும். திரிந்திருந்தால் மடிநோய் என்று சந்தேகிக்கவேண்டும். மருந்து கொடுத்த மாட்டின் பால், குறித்த நாட்கள் முடியும்வரை விற்கும் பாலோடு சேரக்கூடாது. இன்று நாட்டின் பாலில் பாதிக்கு மேல் ரோபோக்களே கறக்கின்றன. ஆனால் அவை காட்டும் கணக்கைப் பார்த்து, எந்த மாட்டுக்குச் சுகமில்லை என்று அறிய ஆள் வேண்டும்.

இனவிருத்தி இன்னும் நுணுக்கமானது. மாடு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அறிகுறியைக் கவனிக்கத் தவறினால் மூன்று கிழமை வீண். பெரும்பாலும் நாம்பனைத் தேடி அலைவதில்லை. திரவ நைதரசனில் -196 பாகையில் உறையவைத்த விந்தைக்கொண்டே சினைப்படுத்துகிறார்கள். எந்தப் பசுவுக்கு எந்த நாம்பன் என்பதைப் பதிவேடு பார்த்துத் தீர்மானிப்பார்கள். 1935இல் தொடங்கிய, விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் வளர்த்தெடுத்ததே நோர்வேச் சிவப்பு மாடு. 1970களிலிருந்து மாடுகளின் நோய்களை நாடெங்கும் பதிவு செய்து வருவதால், பாலின் அளவோடு நோய் குறைவதையும் இலகுவாகக் கன்று போடுவதையும் பார்த்தே நாம்பன்களைத் தெரிவு செய்கிறார்கள்.

“கன்று பிறந்த முதல் சில மணித்தியாலங்களுக்குள் கடும்புப்பால் கொடுக்கவேண்டும் என்றும் பாடம் நடக்கும்” என்றோம். தகப்பன் சிரித்துவிட்டார். “அது எனக்கும் தெரியுமே! ஊரில் ஆறு மாடு வைத்திருந்தனாங்கள்” என்றார். உங்கள் கைக்குத் தெரிந்ததை உங்கள் மகன் காரணத்தோடும் கணக்கோடும் படிக்கப் போகிறான், அவ்வளவுதான் என்று சொன்னோம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. இங்கு கன்றைப் பெரும்பாலும் தாயிடமிருந்து வெகு சீக்கிரம் பிரித்துவிடுவார்கள். ஆண்கன்றுகளும் பால் வற்றிய மாடுகளும் இறைச்சிக்குப் போகும். எங்கள் வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்கு இது மனதைச் சுடும். முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

சொந்தப் பண்ணை இல்லாமல் என்ன பயன் என்று கேட்பீர்கள். விவசாயி விடுமுறையில் போகும்போதும் நோயில் விழும்போதும் அவருக்குப் பதிலாகக் கொட்டில் பார்க்கச் சம்பளத்துக்கு ஆட்கள் தேவைப்படுகிறார்கள். மேலே படிக்கவும் வழியுண்டு. பல்கலைக்கழக அனுமதிக்குரிய பாடங்களை எடுத்தால், 1859இல் வேளாண்மைக் கல்லூரியாகத் தொடங்கிய ஓஸ் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கலாம். கால்நடை மருத்துவப் படிப்பும் 2021 முதல் அங்கேதான் நடக்கிறது.

மேல்நிலைப் பாடசாலைக்கு விண்ணப்பிக்க வழமையான கடைசி நாள் மார்ச் 1. நாட்டுக்கு வந்து அதிக காலம் ஆகாத பிள்ளைகளுக்குச் சில வேளை அதற்கு முன்னரே திகதி முடிந்துவிடும். பாடசாலை ஆலோசகரிடம் நேரத்தோடு கேளுங்கள்.

பையன் விண்ணப்பித்துவிட்டானா என்று இன்னும் தெரியாது. ஆனால் வருகிற சனிக்கிழமை மூவருமாக ஒரு பாடசாலைக் கொட்டிலைப் பார்க்கப் போகிறார்கள். தகப்பன்தான் தொலைபேசியில் அழைத்து நேரம் கேட்டாராம்.