ஆடுகிற காலுக்கும் ஓய்வு வேண்டும்

நாட்டியம் கற்கும் பெண் இருக்கிற வீட்டில், 'அம்மா, கால் வலிக்கிறது' என்ற பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. நாமும் தைலத்தைத் தேய்த்துவிட்டு, 'ஆடுகிற கால் வலிக்காமல் இருக்குமா?' என்று சொல்லிவிடுகிறோம். எல்லா வலியும் ஒன்றல்ல, சகோதரிகளே!

கணைக்கால் எலும்பின் உட்பக்க ஓரமாக, கணுக்காலுக்குச் சற்று மேலே நாலைந்து விரல் நீளத்துக்கு வலிக்கிறதா? டாக்டர்கள் இதை 'ஷின் ஸ்பிளின்ட்ஸ்' என்கிறார்கள். ஓட்டக்காரர்களுக்கும் நாட்டியம் ஆடுகிறவர்களுக்கும் அதிகம் வருவது. உழைப்பு கூடினால் எலும்பும் தன்னை உறுதியாக்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். ஒரு மணி நேரப் பயிற்சியைத் திடீரென்று மூன்று மணியாக்கி, சிமெண்ட் தரையில் வெறுங்காலால் தட்டினால் எலும்பும் அதன் மேலுறையும் நொந்துபோகும். தட்டைப் பாதக்காரர்களுக்குச் சீக்கிரமே வரும்.

என் நாத்தனார் பெண்ணுக்கு அரங்கேற்றத்துக்கு இரண்டு மாசம் இருக்கும்போது இது வந்தது. மண்டபத்துக்கு அட்வான்ஸ்கூடக் கொடுத்தாயிற்று. 'பல்லைக் கடிச்சுண்டு ஆடுடி' என்றார் பாட்டி. நாத்தனாரோ டாக்டரைக் கேட்டுத் தேதியைத் தள்ளிவைத்துவிட்டார். மூன்று வாரம் உட்கார்ந்தபடியே அபிநயமும் தாளமும்தான். பிறகு நாளுக்குப் பத்து நிமிஷ அடவில் ஆரம்பித்து, மெதுவாகக் கூட்டினார்கள். வலியில்லாமல் ஆடி முடித்தாள்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. வலி அடங்கும்வரை குதிப்பதும் தட்டுவதும் கூடாது. வலிக்காவிட்டால் சைக்கிள், நீச்சல் பரவாயில்லை.

2. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிஷம், நாளைக்கு மூன்று நாலு தடவை ஒத்தடம் கொடுங்கள். முரட்டுத்தனமாக உருவிவிட வேண்டாம்.

3. மறுபடி ஆடும்போது மரத்தரை கிடைத்தால் நல்லது. வலி திரும்பினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலி, படுத்திருக்கும்போதும் வலி, வீக்கம், நொண்டல், பாதம் மரத்துப்போதல் - இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் அது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அதனால் 'எக்ஸ்ரே சரியாக இருக்கிறதே' என்று உடனே ஆட விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. மேடையில் ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைக்கிற பெண்ணுக்கு மாதவிலக்கும் தவறினால், எலும்பு பலவீனமாகிறது என்று அர்த்தம். அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வயிறாரச் சாப்பாடு, பால், தயிர், கேழ்வரகுக் கஞ்சி என்று கொடுத்து வாருங்கள்.

மண்டபத்துக்கு வேறு தேதி கிடைக்கும். பெண் 'வலிக்கிறது' என்றால், எந்த இடத்தில் என்று முதலில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.