கட்ட வேண்டியது நாயைத்தான்

எமது ஊர் போன்ற கிராமங்களில் பாடசாலைக்கும் பிரத்தியேக வகுப்புக்கும் நடந்து போகும் பெண்பிள்ளைகளிடம், வழியில் எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். யானை வரும் ஊர்களை விட்டுவிட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் நாய் என்பதுதான். அதுவும் யாருமற்ற தெருநாயைச் சொல்லமாட்டார்கள். சொந்தக்காரர் உள்ள, பெயர் உள்ள, வேளாவேளைக்குச் சோறு கிடைக்கின்ற, ஆனால் கட்டப்படாத வீட்டு நாயைத்தான் சொல்வார்கள்.

நாய் வளர்ப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. குருநாகல் மாவட்டத்தில் தென்னந்தோட்டங்களுக்கு நடுவே வாழும் எங்களுக்கு அதன் தேவை தெரியும். வீடுகள் தூரத் தூர இருக்கின்றன. தேங்காய் களவு போகிறது. காட்டுப்பன்றி மரவள்ளியைக் கிண்டுகிறது. குரங்கு குரும்பையைப் பிடுங்கி எறிகிறது. பயிரையும் கால்நடையையும் காப்பதற்கு நாய் வைத்திருப்பதை எமது மார்க்கமும் அனுமதிக்கிறது. தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் புகட்டிய பெண்ணுக்கு அல்லாஹ்வின் மன்னிப்புக் கிடைத்த செய்தியைச் சிறு வயதிலேயே மத்ரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எனவே நாயை வெறுப்பது எங்கள் வழியல்ல. அதேவேளை, தன்னால் அயலவருக்குத் தீங்கு வராது என்ற நிம்மதியைக் கொடுக்காதவரின் ஈமானைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பதையும் அங்கேதான் படித்தோம். வளவைக் காக்க வளர்க்கும் நாய் வளவுக்குள் நிற்க வேண்டும். பாதையில் நின்று போவோர் வருவோரைத் துரத்தினால் அது காவல் ஆகாது.

எங்கள் ஒழுங்கையின் முனையில் உள்ள வீட்டில் மூன்று நாய்கள். படலை எப்போதும் திறந்தே கிடக்கும். பெரிய வீதிக்குப் போக வேறு வழி இல்லை. சென்ற ஆண்டில் ஆறாம் தரத்துப் பிள்ளையொருத்திக்குக் கெண்டைக்காலில் கடி விழுந்தது. அதன் பிறகு அக்கா தங்கை இருவர் பின்னேர வகுப்பையே விட்டுவிட்டார்கள். மூத்தவள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிக் கொண்டிருந்தவள். அதே ஒழுங்கையில் ஆண்பிள்ளைகள் கையில் ஒரு தடியோடு சைக்கிளில் போய் வருகிறார்கள். எங்களுக்கோ, “இன்றைக்குப் போக வேண்டாம்” என்ற வார்த்தைதான் கிடைக்கிறது. பெற்றோரின் பயம் நியாயமானதே. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். நாயைக் கட்ட வேண்டிய இடத்தில் பிள்ளையைக் கட்டி வைக்கிறோம்.

கடிக்காவிட்டாலும் தொல்லை தொல்லைதான். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் எங்கள் வீடுகளில், நாயின் எச்சில் பட்ட உடையை ஏழு தடவை கழுவ வேண்டும்; அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். இருப்பதே இரண்டு வெள்ளைச் சீருடை என்றால், அந்தத் தாயின் மாலைப்பொழுது என்னவாகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? அந்த வீடு ஒரு சிங்களக் குடும்பத்தின் வீடு. “நாய்க்காகப் போய்ப் பேசினால் அது இனப் பிரச்சினையாக மாறிவிடும், பொறுத்துப் போவோம்” என்பதே பெரியவர்களின் பேச்சு. கடந்த காலத்தில் பட்டதை வைத்துத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். எனினும் இந்த மௌனம் சமாதானத்தைக் காக்கும் என்று நான் நம்பவில்லை. பேசாத மனங்களில் கோபம் சேர்கிறது. ஒருநாள் இரவில் யாரோ இறைச்சித் துண்டில் நஞ்சைத் தடவி எறிகிறார்கள். வாயில்லாத சீவன் துடிதுடித்துச் சாகிறது. அதே துண்டைத் தின்ற பூனையும் சாகிறது. விடிந்ததும் அந்த வீட்டார் சந்தேகத்தோடு பார்ப்பது யாரை? அன்றைக்குத்தான் அது உண்மையில் இனப் பிரச்சினையாகும்.

உம்மாவும் நானும் இன்னும் இரண்டு தாய்மாரும் ஒரு ஞாயிறு காலையில் அந்த வீட்டுக்குப் போனோம். அந்தத் தாய்மாரில் ஒருவர் சிங்களவர். அவருடைய மகனும் அந்த நாய்கள் துரத்தியதால் சைக்கிளிலிருந்து விழுந்தவன். அவர் எங்களோடு வந்ததிலேயே பாதிப் பயம் தீர்ந்தது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, யாரை நாய் துரத்தியது என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தோம். “அது ஒன்றும் செய்யாது துவ” என்றுதான் அந்த வீட்டு அம்மா தொடங்கினார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் அந்த நாய்கள் வாலை ஆட்டுகின்றன. பாதையில் அவை படுத்தும் பாட்டை அவர் ஒருநாளும் கண்டதில்லை. கணவர் வேலைக்கு வெளியூர் போய்விடுவதையும், இரண்டு முறை தேங்காய் களவு போனதையும் சொன்னார். அவருடைய பயமும் உண்மைதான். தாளை வாசித்துக் காட்டியதும் பேச்சு மாறியது. இப்போது பாடசாலை தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் படலை பூட்டியிருக்கிறது. ஒரு நாய் மட்டும் இன்னும் வேலி இடுக்கால் வெளியே வருகிறது. பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. ஆனால் முகம் பார்த்துப் பேசும் உறவு ஏற்பட்டிருக்கிறது.

எல்லா அயலவரும் இப்படி இறங்கி வருவார்கள் என்று சொல்ல முடியாது. பேச்சு எடுபடாதவிடத்துச் சட்டம் இருக்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901 ஆம் ஆண்டிலிருந்தே எமது நாட்டில் உண்டு. நாயை உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்வது சொந்தக்காரரின் கடமை. தன்னிடமுள்ள மிருகத்தால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத கவனயீனம் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். வழக்கு, நீதிமன்றம் என்று அலைய விரும்பாதவர்களுக்கு, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மத்தியஸ்த சபை இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் எழுத்தில் முறையிடலாம். முறையிடுவது பகைமை ஆகாது. நஞ்சு வைப்பதே பகைமை.

நஞ்சு வைக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடித்த நாய் உயிரோடு இருந்தால்தான் அதைக் கட்டி வைத்து இரண்டு வாரங்கள் அவதானிக்க முடியும். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் ஒருவரில் தோன்றிவிட்டால் அவரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். 1973 இல் இந்நோயால் இலங்கையில் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதாலும் கடிபட்டோருக்கு உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்ததாலும் அந்தத் தொகை பெரிதும் குறைந்திருக்கிறது. ஆகவே கடிபட்டவுடன் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சளோ கோப்பித் தூளோ அப்ப வேண்டாம். அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள்; அங்கு ஊசி இலவசமாகக் கிடைக்கிறது. சிறிய கீறல் என்றாலும், வளர்ப்பு நாய்தானே என்றாலும் போகத்தான் வேண்டும். திட்டு விழும் என்று பயந்து கடியை வீட்டில் மறைக்கும் தங்கைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

நாய் துரத்தினால் ஓடக் கூடாது. ஓடினால் அது இன்னும் துரத்தும். அதன் கண்ணை நேரே பார்க்காமல் அசையாது நின்று, மெதுவாகப் பின்வாங்க வேண்டும். புத்தகப் பையை முன்னால் பிடித்துக்கொள்ளலாம். இவற்றை நாம் பழகிக்கொள்வது நல்லது. ஆனால், “நீ கவனமாகப் போ” என்று பிள்ளைக்குச் சொல்வதோடு பெரியவர்களின் பொறுப்பு முடிந்துவிடாது.

பெற்றோரிடம் எனது வேண்டுகோள் இரண்டு. உங்கள் தோட்டத்திலும் நாய் இருந்தால் முதலில் உங்கள் படலையைப் பாருங்கள். ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். பெண் நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள். குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தையடியில் விட்டுவிட்டு வராதீர்கள். அடுத்து, மகளின் வகுப்பை நிறுத்துவதற்கு முன்னர் ஒருமுறை அந்த அயல் வீட்டுக்குப் போய் வாருங்கள். போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாள்தோறும் அந்தப் பாதையில் நடப்பவள் அவள்தான். என்ன நடக்கிறது என்பதை அவளே சொல்லட்டும்.