ஓய்வில் கெடும் பெட்ரோல் எஞ்சின்

சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிகளில் மரவள்ளியும் மஞ்சளும் பயிராகும் ஊர்களில் பவர் வீடர், விசைத் தெளிப்பான், புதர் வெட்டும் கருவி ஆகியவற்றை இன்று பல தோட்டங்களில் காணலாம். களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால் சிறு விவசாயிகளும் கடன்பட்டாவது இவற்றை வாங்குகிறார்கள். பவர் வீடர்களில் டீசலில் ஓடுபவையும் உண்டு. மற்றவை பெரும்பாலும் சிறிய பெட்ரோல் எஞ்சினால் ஓடுகின்றன. வாங்கிய மறு ஆண்டே கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்து, எஞ்சினை மெக்கானிக் கடைக்குத் தூக்கிச் செல்லும் நிலை வந்துவிடுகிறது. சரக்கு மட்டம் என்று கம்பெனியின்மீது பழி விழுகிறது. உண்மையில் இந்த எஞ்சின்களில் பல வயலில் உழைத்துக் கெடுவதில்லை; கொட்டகையில் சும்மா கிடந்தே கெடுகின்றன.

தை, மாசியில் நட்ட மரவள்ளிக்கு முதல் மூன்று மாதங்களே களைத் தொல்லை அதிகம். இலை மூடியபின் வரிசைக்கிடையே கருவியை ஓட்ட இயலாது. மஞ்சளிலும் அப்படியே. ஆகவே ஆண்டில் சில வாரங்களே ஓடிய எஞ்சின் மீதி நாளெல்லாம் மூலையில் கிடக்கிறது. அதிலும் புரட்டாசி முதல் கார்த்திகை வரை, காற்றில் ஈரம் மிகுந்த மாதங்களில், டேங்கில் பாதிப் பெட்ரோலோடு கிடக்கிறது. அந்நாளில் கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் வைத்திருந்தவர்கள் அதைப் பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டார்கள். நாள்தோறும் ஓடியதால் அதன் கோளாறு அன்றைக்கே தெரிந்தது. சிறு பெட்ரோல் எஞ்சினின் கோளாறோ ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவருகிறது.

பெட்ரோல், நெல்லைப்போல மூட்டை கட்டி வைக்கும் பொருள் அன்று. கார்புரேட்டரில் தங்கிய சிறிதளவு பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பிசின்போன்ற கசடாக மாறி, ஊசித் துளையளவே உள்ள ஜெட்டை அடைத்துவிடுகிறது. இது பழைய தொல்லை. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலப்பது 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023இல் விற்பனைக்கு வந்து, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. இந்த எத்தனால் கரும்பிலும் மக்காச்சோளத்திலும் அரிசியிலும் வருவதால் விவசாயிக்கு அதன்மேல் வருத்தமில்லை. மக்காச்சோள விலையைப் பார்க்கும் நாமக்கல் கோழிப் பண்ணையாளர்களுக்கு வேண்டுமானால் இருக்கலாம். ஆனால் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஓரளவு வரை நீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது பெருங்கேடு. அதற்கு மசகு, பெட்ரோலில் கலந்த ஆயில் மட்டுமே. பிரிந்த பின் ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். எஞ்சின் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. மசகில்லாமல் ஓடி பிஸ்டன் இறுகிவிட்டால் மெக்கானிக் கேட்கும் தொகை சிறியதாய் இராது. மேலும், சிறு எஞ்சின்கள் பலவற்றின் கையேடு 10 சதவீத எத்தனால் வரையே அனுமதிக்கிறது. பழைய எஞ்சின்களில் ரப்பர் குழாயும் டயாபிரமும் ஊறிப்போகவும் கூடும். வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெளிவது நலம்.

இதற்கு மருந்து எளிது. வேலை முடிந்த பருவத்தில் டேங்கை முழுவதும் வடித்துவிட வேண்டும். பிறகு எஞ்சினைக் கிளப்பி, தானாக அணையும் வரை ஓடவிட வேண்டும், கார்புரேட்டரும் காலியாகிவிடும். வடித்த பெட்ரோலை வீட்டிலுள்ள டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிக்கு ஊற்றிக்கொள்ளலாம். ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றக் கூடாது. பழைய எக்ஸ்எல் ஆயில் கலந்து ஓடியதுதான். இன்றைய எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். பழைய பெட்ரோலில் ஐயம் இருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் சிறிது ஊற்றி வைத்துப் பார்க்கலாம். கலங்கலாகவோ அடியில் தனிப் படிவாகவோ தெரிந்தால் அது எஞ்சினுக்கு ஆகாது.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலை ஓய்வுக்கு முன்பே, எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது மாற்றிவிட வேண்டும். ஓடிய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். மழைக்காலம் முழுவதும் அது உள்ளே நிற்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி சுத்தமான எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுத்து, பிளக்கை மாட்டியபின் கயிறு இறுகும் நிலையில் நிறுத்த வேண்டும். அந்நிலையில் வால்வுகள் மூடியிருப்பதால் ஈரக்காற்று உள்ளே புகாது. காகித ஏர் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தால் போதும், கழுவக் கூடாது. குளிர்விக்கும் தகடுகளுக்கிடையே ஒட்டிய மண்ணையும் குளவிக் கூட்டையும் நீக்குவது அவசியம். தை மாதம் மறுபடி கிளப்பும்போது சிறிது நேரம் புகை வரும். உள்ளே விட்ட ஆயில் எரிவதுதான்; அஞ்ச வேண்டாம்.

எங்கே வைப்பது என்பதில்தான் கவலைக்குரிய வழக்கங்கள் உள்ளன. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து, பல அடி தள்ளியிருக்கும் அடுப்பையோ விளக்கையோ தொட்டால் போதும். சமையல் நடக்கும் வீட்டிலும், தட்டுப்போர் ஓரத்திலும், மாட்டுக்கொட்டகையிலும் பெட்ரோலை வைக்கக் கூடாது. உர மூட்டைக்கு அருகில் வைத்தால் எஞ்சினும் துருப்பிடிக்கும். தண்ணீர்ப் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி வைப்பதைப்போல் கொடியது வேறில்லை. தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்துவிடும். இறுக மூடும் உலோகக் கேனில், சிறிது இடம் விட்டு, ஒரு வாரத் தேவைக்கு மட்டும் வாங்குவது போதும். எஞ்சின் ஆறுமுன் டேங்கில் ஊற்றலாகாது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது நெருப்பைப் பரப்பவே செய்யும். மணல் வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

ஆழக் கிணறுகள் மிகுந்த இப்பகுதியில் இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தூர் வாரும்போது நீரிறைக்க எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் அதே புகையில் சிக்கிக்கொள்வார்.

வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக அரசு மானியம் தருகிறது. வாங்கும் நாளில் கயிற்றை இழுத்து ஓட்டிக் காட்டுவதோடு விற்பனையாளரின் பயிற்சி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஓட்டுவதை இரண்டு நாளில் எவரும் கற்றுக்கொள்வர். கற்பிக்க வேண்டியது நிறுத்தி வைப்பதை. சேலம் சந்தியூரிலும் நாமக்கல்லிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆவணி மாதத்தில், மழைக்கு முன்பே, விவசாயிகள் தங்கள் எஞ்சினையே கொண்டுவந்து தம் கையால் வடித்து, துடைத்து, மூடிப் பழகும் முகாம்களை நடத்தலாம். தமிழில் கையேடு தராத கருவிக்கு மானியம் தரலாகாது என்றும் விதி செய்யலாம்.

ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்போர் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீடர் வாங்கினால் செலவும் குறையும், எஞ்சின் மூலையில் கிடக்கும் நாளும் குறையும். பொதுச் சொத்தைப் பார்ப்பாரில்லை என்பது ஊரறிந்ததே. அதனால் பொறுப்பை ஒருவரிடமே விட்டு, ஓடிய மணியையும் ஆயில் மாற்றிய தேதியையும் எழுத ஒரு நோட்டை எஞ்சினுடனேயே கட்டிவைக்க வேண்டும்.